கார் கிளம்பவில்லை: ஆம்பியரிலும் ரூபாயிலும் ஒரு கணக்கு

சிறிய பெட்ரோல் கார் ஒன்றின் இன்ஜினைச் சுற்றிவிட செல்ஃப் மோட்டார் ஏறக்குறைய 150 ஆம்பியர் கரண்ட் இழுக்கும். மூன்று விநாடி சுற்றினால் 450 ஆம்பியர்-விநாடி. அதை 3,600-ஆல் வகுத்தால் 0.125 ஆம்பியர்-மணி. அந்தக் காரில் இருக்கும் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. கணக்குப்படி 280 முறை கிளப்பலாம். இத்தனை வேகமாக இழுத்தால் எந்தப் பேட்டரியும் முழுக் கொள்ளளவைத் தராது என்பதால் பாதியைக் கழித்துவிடுவோம். அப்போதும் 140 முறை மிச்சம் இருக்கிறது.

140 முறைக்கு இருப்பு வைத்திருக்க வேண்டிய பேட்டரி, பிள்ளைகளைப் பள்ளியில் விடக் கிளம்பும் காலையில் முதல் முறையே கைவிரிக்கிறது. இருப்பு எங்கே போனது, அல்லது இருந்தும் ஏன் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று கேட்பவர்கள் குறைவு. "பேட்டரி போச்சு சார், மாத்திடலாம்" என்ற சொல்லுக்கு நான்காயிரம், ஐயாயிரம் ரூபாய் கைமாறுகிறது. காரணம் வேறு இடத்தில் இருந்தால் இரண்டு வாரத்தில் புதுப் பேட்டரியும் படுத்துவிடும். இந்த இழப்பைத் தடுக்க 300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரும், எந்த எண் எதைக் காட்டுகிறது என்ற தெளிவும் போதும்.

கீழே வரும் கணக்கு முழுவதும் ஒரு மாதிரிக் காரை வைத்துப் போட்டது: 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், நான்கு சிலிண்டர், கையால் மாற்றும் கியர், 35 ஏ.எச். பேட்டரி. ரூபாய்க் கணக்கு நம் ஊர்களின் சாதாரண ஒர்க்‌ஷாப் விலையை ஒட்டிய தோராயம். மாடலையும் ஊரையும் பொறுத்துக் கூடும், குறையும்.

முதல் எண்: ஓய்வில் எத்தனை வோல்ட்?

கார் பேட்டரிக்குள் ஆறு செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. நன்றாகச் சார்ஜ் ஏறிய ஒரு செல் 2.1 வோல்ட் தரும். ஆறுக்கும் சேர்த்து 12.6. வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, முடிந்தால் காலையில் கதவைத் திறந்து மூடும் முன்பே, மீட்டரின் சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வைத்துப் படிக்க வேண்டும்.

12.6 வோல்ட் அல்லது மேலே: முழு இருப்பு.
12.4 வோல்ட்: முக்கால்.
12.2 வோல்ட்: பாதி.
12.0 வோல்ட்: கால்.
11.8 வோல்ட்: காலி.

முழுமைக்கும் வெறுமைக்கும் இடையே உள்ள தூரம் 0.8 வோல்ட்தான். அதனால் "12 வோல்ட் காட்டுது, பேட்டரி நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் அவர் முக்கால்வாசி காலியான பேட்டரியைப் பற்றிப் பேசுகிறார்.

இன்னும் ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 10.5. சார்ஜரில் எத்தனை மணி நேரம் போட்டாலும் 10.5-ஐச் சுற்றியே நிற்கிறதென்றால், 12.6-இலிருந்து சரியாக ஒரு செல்லின் 2.1 வோல்ட் விழுந்துவிட்டது என்று பொருள். அந்தப் பேட்டரிக்கு இனிச் செலவு செய்யக் கூடாது. மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாம் எண்: சுற்றும்போது எத்தனை?

ஓய்வில் 12.5 காட்டிவிட்டு, சாவியைத் திருப்பியதும் 8-க்கு விழும் பேட்டரிகள் உண்டு. முதல் எண் பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அதை வெளியே தள்ளும் திறன் இருக்கிறதா என்பதை இரண்டாம் எண்தான் சொல்லும். ஒருவர் மீட்டரைப் பிடிக்க, மற்றவர் சாவியைத் திருப்ப வேண்டும்.

நல்ல பேட்டரியில், இன்ஜின் சுற்றும்போது மீட்டர் 10 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். 9.6-க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். இதற்குக் காரணம் பேட்டரியின் உள்தடை. 10 மில்லி ஓம் தடை என்றால் 150 ஆம்பியருக்கு 1.5 வோல்ட் உள்ளேயே கரையும், 12.6 போய் 11.1 ஆகும். வயதாகித் தடை 20 மில்லி ஓம் ஆகிவிட்டால் 3 வோல்ட் கரையும். மிஞ்சுவது அதே 9.6. தட்டுகளில் படியும் ஈய சல்பேட்டும், உதிர்ந்துபோகும் ஈயப் பசையும்தான் இந்தத் தடையைக் கூட்டுகின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொது விதி. அதனால்தான் நம் ஊர் வெயிலில் ஒரு பேட்டரி மூன்று, நான்கு வருடம் உழைத்தாலே நல்ல உழைப்பு.

மூன்றாம் எண்ணையும் இங்கேயே சொல்லிவிடலாம். எப்படியோ இன்ஜின் கிளம்பிவிட்டால், ஓட்டத்தில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். கிளம்பிய பிறகும் 12.3-இலேயே நிற்கிறதென்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. அந்த நிலையில் புதுப் பேட்டரி போட்டால், அது தீரும் வரைதான் வண்டி ஓடும்.

டெர்மினலில் தொலையும் 1.5 வோல்ட்

பானெட்டைத் திறந்து பேட்டரி முனைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கிளாம்ப்பின் விளிம்பில் வெள்ளையும் இளம்பச்சையும் கலந்து உப்புப் பூத்திருக்கிறதா? அந்தப் பூச்சுக்குள் வெறும் 10 மில்லி ஓம் தடை இருந்தால் போதும், மோட்டாருக்குப் போக வேண்டியதில் 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். 150 ஆம்பியரை அந்த 1.5-ஆல் பெருக்கினால் 225 வாட். கட்டை விரல் அளவு இடத்தில் அத்தனையும் சூடாக மாறுவதால்தான் சில கிளாம்ப்புகள் நான்கு முறை செல்ஃப் அடித்ததும் தொட முடியாமல் கொதிக்கின்றன.

அளக்கும் முறை எளிது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கட்டையிலும் மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் இணைப்பு சரி. அதேபோல மைனஸ் கட்டைக்கும் இன்ஜினின் வெற்று உலோகத்துக்கும் நடுவே 0.2-க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் எர்த் வயரின் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது துருப்பிடித்திருக்கிறது.

சரிசெய்யத் தேவையானவை: பெரும்பாலான கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பானர், வெந்நீர், இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா, பழைய பல் துலக்கி, உப்புத்தாள், கொஞ்சம் வாசலின். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் இணைப்பு இருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்றினால், ஸ்பானர் பாடியில் பட்ட நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். செலவு வீட்டில் செய்தால் சில்லறைக் காசு, கடையில் 100 ரூபாய் சுற்று. 4,500 ரூபாய்ப் பேட்டரியை மாற்றும்போது கடைக்காரர் இந்த உப்பையும் சுரண்டிவிட்டே புதியதை மாட்டுவார். வண்டி கிளம்பும். கிளப்பியது பேட்டரியா, சுரண்டலா என்று அதன் பிறகு யாருக்கும் தெரியப்போவதில்லை.

நிற்கும் வண்டியின் செலவு

சாவியை எடுத்த பிறகும் கார் முழுவதும் அணைந்துவிடுவதில்லை. அலாரம், இம்மொபிலைசர், ஸ்டீரியோவின் நினைவு, ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது வழக்கமான அளவு. அதை நாள் கணக்கில் விரித்தால்:

25 மில்லி ஆம்பியர்: நாளுக்கு 0.6 ஆம்பியர்-மணி, 30 நாளில் 18. பேட்டரியில் பாதி போயிற்று.
50 மில்லி ஆம்பியர்: நாளுக்கு 1.2, 30 நாளில் 36. பேட்டரி காலி.
5 வாட் உள் விளக்கு அணையாமல் இருந்தால், ஏறக்குறைய 0.4 ஆம்பியர்: நாளுக்கு 10. நான்காம் நாள் வண்டி எடுக்க முடியாது.
எப்போதும் ஓடும்படி வயர் இழுத்த டேஷ் கேமரா 0.3 ஆம்பியர் எடுத்தால்: நாளுக்கு 7.2. இரண்டரை நாளில் பாதி இருப்பு தீரும்.
ஹெட்லைட்டும் பின் விளக்குகளும் எரிந்தபடி விட்டால், சுமார் 130 வாட், 11 ஆம்பியர்: மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊர் வீட்டில் காரை மூடி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். லீவில் வந்து இறங்கியதும் முதல் செலவு பேட்டரிக்காக இருப்பதன் காரணம் மேலே இரண்டாம் வரியில் இருக்கிறது. கிளம்பும் அன்று மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றி வைத்துவிட்டால் இந்த ஒழுக்கு பூஜ்யம். பேட்டரி தானாக இழப்பது மாதத்துக்கு 5 சதவீதம் சுற்று, வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல். அதை ஈடுகட்ட, ஊரில் இருப்பவர் யாராவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சார்ஜரில் போட்டால் போதும். காலியாகவே மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரியில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எந்தச் சார்ஜருக்கும் அது இளகாது.

அன்றாடம் ஓடும் வண்டியே அடிக்கடி படுத்தால் கரண்ட் லீக் பார்க்க வேண்டும். மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றி, கட்டைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டி, கதவுகளை மூடி 20, 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக அடங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். மீட்டர் அப்படி மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அடங்கிய பிறகும் 300 மில்லி ஆம்பியர் காட்டினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எந்த ஃபியூஸை எடுத்ததும் எண் 30-க்கு இறங்குகிறதோ அந்த வரிசையில்தான் ஒழுக்கு. பிறகு சேர்த்த ஸ்டீரியோ, டிராக்கர், கேமரா வயர்களில் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஓசையின் கணக்கு

மீட்டர் இல்லாத இடத்தில் காதும் ஹெட்லைட்டும் கைகொடுக்கும். விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள்.

"டக டக டக" என்று வேகமாகத் தட்டி விளக்கு மங்கினால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் பிடிக்கவில்லை. மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் மின்காந்த சுவிட்சான சொலினாய்டு உள்ளே இழுக்கும், மோட்டார் கரண்ட் கேட்டதும் வோல்ட் சரியும், சொலினாய்டு கைவிடும், வோல்ட் மீளும், மறுபடி இழுக்கும். ஒரே ஒரு "டக்", விளக்கு பிரகாசம் குறையவில்லை என்றால் சொலினாய்டின் உள்முனைகளோ மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கும். மோட்டாரின் உடலில் ஸ்பானர் பிடியால் மெல்லத் தட்டியதும் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் பிரஷ்தான். எந்த ஓசையும் இல்லை, விளக்கும் பளிச்சென்று எரிகிறது என்றால் கரண்ட் சொலினாய்டு வரை வரவேயில்லை: ஃபியூஸ், ரிலே, இக்னிஷன் சுவிட்ச் பார்க்க வேண்டும். கிளட்ச் மிதித்தால்தான் கிளம்பும் வண்டிகளில் கிளட்ச் பெடல் சுவிட்ச், ஆட்டோமேட்டிக்கில் கியர் லீவர் பி அல்லது என் நிலையில் சரியாக விழுந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவிக்குள் இருக்கும் நாணய வடிவ செல்லும் இந்தப் பட்டியலில் சேரும். பெரும்பாலும் சி.ஆர். 2032, விலை 100 ரூபாய்க்குள். அது தீர்ந்திருந்தாலும் பல கார்களில் சாவியையே பட்டன் மேல் ஒட்டிப் பிடித்து அழுத்தினால் வண்டி எடுக்கும்.

செல்ஃப் மோட்டாரைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் சுற்றக் கூடாது. ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே அரை நிமிடமாவது ஓய்வு தேவை. இந்த விதி மோட்டாரின் பிறப்பிலேயே இருக்கிறது. 1912-ஆம் வருடக் கேடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த சார்லஸ் கெட்டரிங், அதற்கு முன் கடைகளின் பணப்பதிவு இயந்திரத்துக்கு மின் மோட்டார் பொருத்தியவர். சில விநாடி மட்டும் உழைக்கப்போகும் மோட்டாரை, நாள் முழுக்க உழைக்கும் மோட்டாரின் அளவுக்குப் பெரிதாகச் செய்யத் தேவையில்லை என்பதை அங்கேதான் கண்டுகொண்டார். இன்றைய மோட்டாரும் அதே உத்தியில் சிறியது. 10 வோல்ட்டில் 150 ஆம்பியர் என்றால் 1,500 வாட். ஒரு அயர்ன்பாக்ஸைவிடக் கூடுதலான மின்சாரம் கையளவு உருளைக்குள் போகிறது. நிமிடக்கணக்கில் சுற்றினால் சுருள் கருகும்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இன்ஜின் விறுவிறுவென்று நிமிடத்துக்கு 200 சுற்று வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரி பக்கத்தை விட்டுவிடலாம். இனிப் பெட்ரோல், ஸ்பார்க், சாவி.

சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்துக் காது கொடுங்கள். பின் சீட்டுக்கு அடியில் இரண்டு, மூன்று விநாடி "ம்ம்ம்" என்று பம்ப் ஓடி நிற்க வேண்டும். பைப்பில் 3 முதல் 4 பார் அழுத்தம் ஏற்றும் ஓசை அது. ஓசை இல்லையென்றால் முதலில் பத்து ரூபாய் ஃபியூஸ், அடுத்து ரிலே, அதன் பிறகுதான் பம்ப். பல பெட்டிகளில் ஹார்னின் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே வகை. எண் ஒன்றாக இருந்தால் மாற்றிப் போட்டு, செலவின்றிச் சோதிக்கலாம்.

மீட்டர் போர்டில் சாவி அடையாளம் விடாமல் மின்னினால் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் பிளக் நனைந்திருக்கும். ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்தபடி சுற்றினால், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் பெட்ரோல் நின்று காற்று மட்டும் போய் உள்ளே உலரும். எல்லாம் சரியாக இருந்தும் சூடான இன்ஜின் மட்டும் பிடிக்க மறுத்தால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஒரு வாரம் நிறுத்திய வண்டியென்றால் வயர்களை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

33 மி.லி.

ஒரே ஒரு சூழ்நிலையில் எதையும் சோதிக்கக் கூடாது. சாவியையே திருப்பக் கூடாது. அது வண்டி வெள்ளத்தில் நின்ற பிறகு. 1.2 லிட்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 300 மி.லி. அழுத்த விகிதம் 10 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 300-ஐ 9-ஆல் வகுத்தது: 33 மி.லி. இருமல் மருந்து மூடியில் மூன்று மூடிக்குச் சற்று அதிகம். அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் அது சுருங்காது. சுற்றும் விசையில் கனெக்டிங் ராடு வளையும். 100 ரூபாயில் தொடங்கிய கணக்கு அந்த ஒரு திருப்பலில் லட்சத்தை நெருங்கிவிடும்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் அடித்தளப் பார்க்கிங்குகளில் கார்கள் மூழ்கிக் கிடந்தன. சாதாரண இன்சூரன்ஸில், தண்ணீர் புகுந்த இன்ஜினைக் கிளப்பப்போய் ஏற்பட்ட சேதத்தைப் பின்விளைவு என்று சொல்லி ஒதுக்குவது வழக்கம். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு தனியே எடுத்திருக்க வேண்டும். தண்ணீர் ஏறியிருந்தால் மைனஸைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வதுதான் மிகச் சிக்கனமான வழி.

கடன் வாங்கும் கரண்ட்

ஜம்ப்பர் கேபிள் வாங்கும்போது நீளத்தைவிடச் செம்பின் பருமனைக் கவனியுங்கள். 3 மீட்டர் நீளம், 16 சதுர மி.மீ. செம்பு என்றால் போக வர இரு வயரிலும் சேர்த்து 6.4 மில்லி ஓம்; 150 ஆம்பியருக்கு ஏறக்குறைய 1 வோல்ட் இழப்பு. அதே நீளத்தில் 6 சதுர மி.மீ. என்றால் 17 மில்லி ஓம், 2.6 வோல்ட் இழப்பு. தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லிய கம்பி வைத்து விற்பதும் உண்டு. கையில் இருப்பது மெல்லிய கேபிள்தான் என்றால் மாட்டியதும் செல்ஃப் அடிக்காமல், கொடுக்கும் வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். படுத்த பேட்டரியில் கொஞ்சம் ஏறிக்கொள்ளும்.

மாட்டும் வரிசை: சிவப்பு முதலில் படுத்த பேட்டரியின் பிளஸ்ஸில், அடுத்து நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனை படுத்த வண்டியின் இன்ஜின் உலோகத்தில். கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். இரண்டும் சந்திக்கக் கூடாது என்பதற்காகவே அந்த இடம் தள்ளி இருக்கிறது.

கிளம்பியதும் கணக்கு முடிந்துவிடாது. 20 ஆம்பியர்-மணி இழந்த பேட்டரி ஒரு மணி நேர ஓட்டத்திலும் நிறையாது. நிறைய நிறைய அது கரண்டை வாங்கும் வேகம் குறைந்துகொண்டே போகும். 3.5 ஆம்பியர் சார்ஜரில் ஒரு இரவு முழுவதும் போட வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற உதவி எண் இருக்கிறது.

ரூபாய்ப் பேரேடு

டெர்மினல் சுத்தம்: 0 – 100
ஃபியூஸ்: 10 – 20
சாவி செல்: 50 – 100
டெர்மினல் கிளாம்ப் மாற்ற: 100 – 300
பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட: 150 – 300
ரிலே: 150 – 400
ஸ்பார்க் பிளக் நான்கு: 500 – 1,000
செல்ஃப் மோட்டார் பிரஷ் மாற்றிச் சர்வீஸ்: 800 – 2,000
கிராங்க் சென்சார்: 1,000 – 2,500
ஆல்டர்னேட்டர் பழுது: 1,500 – 4,000
பெட்ரோல் பம்ப்: 3,000 – 8,000
புதுப் பேட்டரி, பழையதைக் கொடுத்து: 4,000 – 5,500
புது செல்ஃப் மோட்டார்: 5,000 – 9,000

இந்த வரிசையில் மேலிருந்து கீழே வருவதுதான் சோதிக்கும் வரிசை. முதல் ஆறு இனங்களையும் சேர்த்தாலும் அதிகபட்சம் 1,220 ரூபாய். ஊகத்தில் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் மாற்றினால் குறைந்தது 9,000. நோய் டெர்மினல் உப்பில் இருந்திருந்தால் அதில் 8,900 வீண்.

இந்தப் பேரேட்டில் நாம் எழுத மறுக்கும் ஒரு வரி இருக்கிறது: அளந்து பார்த்ததற்கான கூலி. ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரு மணி நேரம் குனிந்து நின்று லீக் தேடி, ஒரு வயரைச் சரிசெய்து 400 ரூபாய் கேட்டால், "ஒரு வயருக்கா நானூறு?" என்று பேரம் பேசுகிறோம். அவரே 4,500 ரூபாய்ப் பேட்டரியை மாட்டினால் வாய் பேசாமல் கொடுக்கிறோம். சாமானுக்குத்தான் காசு, அறிவுக்கு இல்லை என்று நாமே ஒர்க்‌ஷாப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாமான் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை. இனி வண்டி நின்றால், ஓய்வில் எத்தனை, சுற்றும்போது எத்தனை, ஓட்டத்தில் எத்தனை என்ற மூன்று எண்களையும் அளந்து பில்லில் எழுதச் சொல்லுங்கள். அதற்கென்று 200 ரூபாயோ 400 ரூபாயோ தனியாகக் கொடுங்கள். அந்த எண்கள் பில்லில் ஏறாதவரை ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட எந்தச் சாமானையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.